மழலையர் சிறப்புக் கல்விப் பணியில் எனது அனுபவங்கள்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று பாடசாலை நிர்வாகத்தினர் கேட்டபோது, "உங்கள் தொழிலைப் பற்றியே எழுதுங்கள், அது என்ன தொழிலென்று எங்களிற் பலருக்கு இன்னும் விளங்கவில்லை" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். அவர் கூற்றில் உண்மையுண்டு. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்றால் நம்மவர்க்கு உடனே விளங்கிவிடும். 'ஹைல்பெடகோகிஷெ ஃப்ரூஎர்சீயுங்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் களைத்துவிடுகிறார். 'ஹைல்' என்னும் சொல்லைக் கேட்டு, நான் மருந்து கொடுப்பவள் என்று எண்ணியோரும் உளர்.

தமிழில் இதனை மழலையர் சிறப்புக் கல்வி எனலாம். பார்த்தல், கேட்டல், நடத்தல், பேசுதல், பிறரோடு உறவாடுதல் முதலியவற்றில் பிந்திநிற்கும் பிள்ளைக்கு, அல்லது பிந்தக்கூடுமென அஞ்சப்படும் பிள்ளைக்கு, பாலர் பாடசாலை செல்வதற்கு முன்னரே, அதன் வீட்டுக்குச் சென்று, தாய் தந்தையரையும் சேர்த்துக்கொண்டு துணைசெய்யும் பணி இது.

நான் 1989 இல் ஒன்பது வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் வின்டர்தூருக்கு வந்தவள். இங்கேயே படித்துப் பாலர் பாடசாலை ஆசிரியையானேன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்வர். அவர்களுள் ஓரிருவர் ஜேர்மன் மொழியும் பேசார், வீட்டு மொழியும் பேசார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பியும் பாரார். "வெட்கம் கூடிய பிள்ளை" என்பார் தாய். "தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்" என்பார் பேர்த்தியார். அதன் பின்னரே பரிசோதனைகள் தொடங்கும். அதற்குள் அப்பிள்ளையின் வாழ்வில் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஒருவர் துணையுமின்றிக் கழிந்திருக்கும். அந்த ஆண்டுகளிலேயே அப்பிள்ளையிடம் செல்ல வேண்டுமென்ற எண்ணமே என்னை மீண்டும் படிக்கத் தூண்டியது.

சிறப்புக் கல்வியைப் பயில்வதற்குச் சூரிச் மிகப் பொருத்தமான நகரம். இங்கே 1924 இல் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹைன்றிச் ஹன்செல்மன் 1931 இல் சூரிச் பல்கலைக்கழகத்திற் சிறப்புக் கல்விப் பேராசிரியரானார். ஐரோப்பாவில் இத்துறைக்கென அமைந்த முதற் பேராசிரியர் பதவி அதுவே. அப்பயிற்சிக் கல்லூரியின் வழிவந்ததே, 2001 இல் பல மாநிலங்கள் கூடி அமைத்த இன்றைய உயர்கல்லூரி. வேலையையும் விடாது, வீட்டையும் விடாது, பகுதிநேரமாக அங்கே முதுமாணிப் பட்டத்தை முடித்தேன். அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டிற் சமைத்தவர் என் கணவர் என்பதையும் இங்கே பதிவுசெய்வது நியாயம்.

பட்டம் பெற்றதும் பணி தொடங்கிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. சுயமாகப் பணியாற்றி, அதற்கான ஊதியத்தை அரசிடமிருந்து பெற விரும்புவோர் சூரிச் மாநிலத்தின் அங்கீகாரத்தைப் பெறல் வேண்டும். இதற்கொரு வரலாறு உண்டு. 1960 இல் நடைமுறைக்கு வந்த வலுவிழந்தோர் காப்புறுதியே, நம்மவர் 'ஐவி' என்று சொல்வது, நெடுங்காலம் இத்தகைய கல்விக்கும் பணம் செலுத்தி வந்தது. 2008 இல் அப்பொறுப்பு மாநிலங்களின் கைக்கு மாறியது. சூரிச் மாநிலத்தில் 2012 முதல் நடைமுறையிலுள்ள சிறுவர், இளையோர் உதவிச் சட்டத்தின்கீழ், இளையோர்க்கும் தொழில்வழிகாட்டலுக்குமான திணைக்களமே இவற்றைக் கவனிக்கின்றது.

நான் 2016 இல் விண்ணப்பித்தேன். பட்டச் சான்றிதழ், பணி அனுபவக் கடிதங்கள் எனக் கோப்பு தடித்துக்கொண்டே போயிற்று. சிறுவருடன் பணியாற்றுவோர்க்கென 2015 முதல் வழங்கப்படும் தனிவகை நன்னடத்தைச் சான்றும் அதிற் சேர்ந்தது. சிறுவரோடு பழகத் தடைவிதிக்கப்பட்டவர் எவரும் இத்தொழிலுக்குள் நுழையாதிருக்க அச்சான்று உதவுகின்றது. தாளுக்கு மேல் தாள் கேட்கிறார்களே என்று அலுத்துக்கொண்ட என் தாயாருக்கு இதனை விளக்கியபோது, "அப்பிடியெண்டால் இன்னும் இரண்டு தாள் கேட்டாலும் பிழையில்லை" என்றார். நானும் அக்கருத்தினளே. கதவடைத்த வீட்டினுள், பேசத் தெரியாத குழந்தையின் அருகில் அமர்பவரை அரசு நன்கு ஆராய்ந்தே அனுப்புதல் வேண்டும்.

அங்கீகாரக் கடிதம் வந்தது. எனினும், நம்மவர் வீடுகளில் அக்கடிதத்தை எவரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது "பிள்ளை எந்த ஊர்? ஆரின்ர மகள்?" என்பதையே. அதற்குரிய விடை திருப்தியாக அமைந்த பின்னரே தேநீரும் றோல்சும் வரும். அதன்பின் தாயார் குரலைத் தாழ்த்தி, "கோயிலிலை கண்டால் தெரியாத மாதிரி இருங்கோ" என்பார். தொழில் இரகசியம் காத்தல் எனக்குச் சட்டப்படியான கடமை. அதனைச் சொன்னாலும் அவர் பாதிதான் நம்புவார். தமிழர் ஒருவர் வந்தால் ஊர் முழுதும் தெரிந்துவிடுமென்று அஞ்சி, சுவிஸ் பெண்மணி ஒருவரையே அனுப்புமாறு கேட்ட குடும்பங்களும் உண்டு. அதில் எனக்கு மனவருத்தமில்லை. பிள்ளைக்கு உதவி கிடைத்தாற் போதும்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அக்குடும்பத்தினர் மனமுவந்து இசைந்தனர். எனினும் அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன். தெஸ் பகுதியில் ஒரு மாடிவீடு. தந்தை உணவகச் சமையலறையில் இரவு வேலை. மகனுக்கு இரண்டேகால் வயது. சலவை இயந்திரத்தின் முன் அமர்ந்து அது சுழல்வதைப் பார்ப்பதே அவன் விருப்பம். "இரண்டு மொழி கேட்பதால்தான் பேசவில்லை, வீட்டில் ஜேர்மன் மட்டும் பேசுங்கள்" என்று எவரோ சொல்லியிருந்தமையால், தாய் தமக்குச் சரிவரத் தெரியாத மொழியில் மகனுடன் பேச முயன்று, ஈற்றில் ஏறக்குறைய மௌனமாகவே இருந்தார். அவ்வீட்டில் என்னை மிக வருத்தியது அந்த மௌனமே.

நான் வழமைபோலக் கேள்விகளைக் கேட்டேன். எதையேனும் சுட்டிக்காட்டுவானா? நீங்கள் காட்டுவதைப் பார்ப்பானா? தாய் யோசித்தார். மூலையில் அமர்ந்திருந்த பேர்த்தியார் சொன்னார்: "அம்புலியைக் காட்டினால் என்ர விரலைத்தான் பாக்கிறான் பிள்ளை, அம்புலியைப் பாக்கிறானில்லை. ஒன்றரை வயசிலையிருந்து சொல்லுறன், ஒருத்தரும் கேக்கேல்லை."

பிறர் காட்டும் பொருளை அவருடன் சேர்ந்து நோக்குதல், பேச்சு மலர்வதற்கு முன் தோன்றவேண்டிய ஆற்றல்களுள் மிக முதன்மையானது. அதனை அறிவதற்கு நாங்கள் பாடநூல்களிற் பல பக்கங்கள் படித்தோம். அம்மூதாட்டி பல்கனியில் நின்று அதனைக் கண்டுபிடித்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே ஜேர்மன் மொழியில் எழுதி அறிக்கையிற் சேர்த்தேன்.

மாணவர்களே, பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் பத்துப் பருவங்கள் உண்டென்று மேல்வகுப்பிற் படித்திருப்பீர்கள். ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் சப்பாணி, பின்னர் வருகை, அம்புலி என அவை தொடர்கின்றன. உடலை அசைத்தாடுதல், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல், தளர்நடை பயின்று வருதல், நிலவைக் காட்ட அதனை நோக்குதல் என, குழந்தையின் வளர்ச்சியை உற்றுப் பார்த்தவர்களாலேயே இவ்வரிசையை அமைத்திருக்க முடியும்.

ஆயினும் மாதக் கணக்கைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. நம் வின்டர்தூரிலே 1943 இற் பிறந்த குழந்தை வைத்தியர் ரெமோ லார்கோ, சூரிச் சிறுவர் வைத்தியசாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பு முதல் வளரும்வரை தொடர்ந்து அவதானித்த நீண்டகால ஆய்வுகளை வழிநடத்தியவர்களுள் ஒருவர். 2020 இற் காலமானார். நலமாக உள்ள பிள்ளைகளுக்கிடையிலேயே வேறுபாடு மிகப் பெரிதென்பதை அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். ஒரு பிள்ளை பத்து மாதத்தில் நடக்கும், இன்னொன்று ஒன்றரை வயதில் நடக்கும்; இரண்டும் குறையற்ற பிள்ளைகளே. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் தவறு. எதையும் பாராது "எல்லாம் சரிவரும்" என்று இருத்தலும் தவறு. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று பார்த்துச் சொல்வதற்கே பயிற்சி பெற்றவர்கள் இருக்கின்றனர்.

அச்சிறுவனின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சென்றேன். பையில் விளையாட்டுப் பொருட்கள் இருந்தன. ஆனால் அதிகம் உதவியவை அவர்கள் வீட்டிலேயே இருந்தவைதான். உள்ளங்கையிற் பருப்புக் கடைந்து, எல்லார்க்கும் பங்கிட்டு, ஈற்றில் அக்குளிற் கிச்சு மூட்டும் விளையாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பேர்த்தியார் அதனை விளையாடுவார். கிச்சு மூட்டுவதற்குச் சற்று முன் நிறுத்திவிடுமாறு நான் கேட்டுக்கொண்டேன். பல வாரங்கள் ஒன்றும் நிகழவில்லை. பின் ஒருநாள், கை நின்றுவிட்டதை உணர்ந்து, அவன் நிமிர்ந்து பேர்த்தியாரின் முகத்தைப் பார்த்தான். தாயார் அழுதுவிட்டார். அன்று நான் வேறு பயிற்சி எதுவும் செய்யவில்லை.

மொழி பற்றியும் தெளிவாகச் சொல்லவேண்டும். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் மொழிக்குறைபாடு உண்டாவதில்லை. உண்மையான குறைபாடு இருப்பின் அது இரு மொழிகளிலும் தென்படும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதலும் எதிர்பார்க்கப்படுகின்றன. அவ்வாறு எண்ணும்போது தமிழ்ச் சொற்களையும் ஜேர்மன் சொற்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். "டொச் தெரியாததால் பேசவில்லை, பாடசாலைக்குப் போனாற் பேசுவான்" என்னும் ஆறுதலை ஏற்குமுன், அவன் தமிழில் எத்தனை சொல் பேசுகிறான் என்று பாருங்கள். அத்தாயாரிடம் நான் முதலிற் கேட்டுக்கொண்டது, தமிழிலேயே பேசுங்கள் என்பதுதான்.

அவன் இப்போது பாலர் பாடசாலையில் இரண்டாம் ஆண்டு. சிறு வாக்கியங்களாகப் பேசுகிறான். சத்தம் கூடினால் இன்னமும் காதைப் பொத்திக்கொள்கிறான். வகுப்பில் அவனுக்கெனத் துணை ஆசிரியை ஒருவர் சில மணிநேரம் வருகிறார்.

இந்த உதவியைப் பெறும் வழி கடினமானதன்று. குழந்தை வைத்தியரிடம் கேட்கலாம். பெற்றோர் தாமாகவும் விண்ணப்பிக்கலாம். வின்டர்தூர் மாநில வைத்தியசாலையைச் சார்ந்த சமூகக் குழந்தை மருத்துவ நிலையத்திற் பிள்ளையைப் பரிசோதித்து, தேவையெனக் கண்டால் பரிந்துரைப்பர். பெற்றோரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. சந்திப்புக்குக் காத்திருக்க நேர்வதுண்டு; அதனாலேயே ஐயம் தோன்றியவுடன் பதிவுசெய்தல் நன்று. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பத்து வயது அக்காவை அழைத்துச்சென்று, தம்பியின் குறையைத் தாய்க்கு மொழிபெயர்க்க வைப்பது அச்சிறுமிக்குச் செய்யும் கொடுமை.

"ஐவியிற் பதிந்துவிடுவார்களா? பிரஜாவுரிமைக்கு இடைஞ்சலா?" என்று என்னிடம் பலர் கேட்டுள்ளனர். இது கல்வி சார்ந்த உதவி. சமூக உதவிப் பணம் அன்று.

மேல்வகுப்பு மாணவ மாணவியருக்கு ஒரு சொல். இத்தொழிலுக்கு ஆசிரியப் பயிற்சி, பேச்சுச் சிகிச்சை, உளவியல், கல்வியியல் போன்ற ஒன்றில் முதலிற் பட்டம் பெற்று, பின் முதுமாணி படிக்கவேண்டும். பட்டம் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் அவசியம். நீண்ட பாதைதான். அவ்வளவு படிக்க இயலாத தாய்மாருக்கும் வேறு வழியுண்டு: 2006 இல் தோன்றிய, வின்டர்தூரிலுள்ள 'ஆபிறிமோ' என்னும் அமைப்பின் 'ஷ்ரிட்வைசெ' திட்டத்தில், பயிற்சி பெற்ற தாய்மாரே சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று விளையாட்டின் வழி துணைபுரிகின்றனர். ஆண் மாணவர்களும் இத்துறைக்கு வரலாம். தந்தையர் சிலர் ஆணொருவர் வந்தாற்றான் தரையில் அமர்ந்து விளையாடத் துணிகின்றனர்.

படிவங்களை நிரப்புவதில் உதவி வேண்டுவோர், ஒவ்வொரு மாதத்தின் முதற் சனிக்கிழமையும் வகுப்புகள் நடைபெறும் வேளையில் என்னைப் பாடசாலை நூலக அறையிற் காணலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். விளையாட்டுப் பொருட்கள் அங்கே உள்ளன.