பொன் பிறந்த இடம்

நமக்கு அப்போது பத்து வயது இருக்கும். தோட்டத்து லயத்திலே குடியிருந்த காலம். பொன் என்று சொல்லத்தக்கது நம் தாயாரிடம் ஒரே ஒரு சங்கிலிதான். பள்ளிச் செலவு வந்தாலும், நோய் வந்தாலும், அது அவர் கழுத்தை விட்டுப் பட்டணத்து அடகுக் கடைக்குப் போய்விடும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீட்பதற்குள் மாதங்கள் பல கழியும். அவ்வாறு மீட்டு வந்த ஒரு மாலையில், "அம்மா, தங்கம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். "கடையிலிருந்து" என்றார் தாயார். "மண்ணுக்குள்ளிருந்து" என்றார் தந்தையார். "மண்ணுக்குள் எப்படி வந்தது?" என்று மறுநாள் பள்ளியில் கேட்டபோது, அதிகப்பிரசங்கித்தனம் என்று காதைத் திருகினார்கள். வாய் மூடிற்று, கேள்வி மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

அக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு விந்தையானது. முதலில் அதைத் தேடியவர் எவருமில்லை. தேடியது அணுகுண்டு.

1963ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் நாடு ஆகிய மூன்றும், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. கையெழுத்திட்டோர்க்கு ஒருவர்மேல் ஒருவர்க்கு நம்பிக்கையில்லை. விண்வெளியிலே எவரேனும் களவாகக் குண்டு வெடிக்கிறாரா என்று வேவு பார்க்க, வேலா என்னும் செயற்கைக் கோள்களை அமெரிக்கா ஏவிற்று. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர் பாயும். அஃது எக்ஸ் கதிரினும் ஆற்றல் மிக்கது, கண்ணுக்குப் புலப்படாதது. 1967 ஜூலை 2ஆம் நாள் அத்தகைய கதிர்வீச்சு ஒன்று பதிவாயிற்று. ஆனால் குண்டு வெடிப்பின் சாயல் அதில் இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்து ரே கிளீபசாடலும் அவருடன் உழைத்தோரும் அவசரப்பட்டு எதனையும் முழங்கவில்லை. வெவ்வேறு கோள்களுக்குக் கதிர் வந்து சேர்ந்த நேர வேற்றுமையைக் கணக்கிட்டு, அது பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வந்ததன்று என்று தெளிந்த பின்னரே, 1973இல் 16 வெடிப்புக்களைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர்.

பிறகு எழுந்தது வழக்கு: இவை அருகில் நிகழ்வனவா, தொலைவில் நிகழ்வனவா? 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் கோள் ஒன்பது ஆண்டுகளில் 2,700க்கு மேற்பட்ட வெடிப்புக்களைக் கண்டது. அவை வானமெங்கும் சமமாகச் சிதறிக் கிடந்தன. 1995இல் வாஷிங்டன் நகரில் போதான் பச்சின்ஸ்கி, டொனால்டு லாம்ப் என்னும் அறிஞர் இருவர் அவையோர் முன்னிலையில் வாதிட்டனர். அவை அண்டத்தின் நெடுந்தொலைவில் நிகழ்வன என்றார் முன்னவர். நம் பால்வீதியைச் சூழ்ந்த வெளியிலேயே நிகழ்வன என்றார் பின்னவர். வாக்குவன்மை அவ்வழக்கைத் தீர்க்கவில்லை, சான்றே தீர்த்தது. 1997 பிப்ரவரி 28ஆம் நாள், இத்தாலியரும் டச்சுக்காரரும் அமைத்த பெப்போசாக்ஸ் என்னும் கோள், ஒரு வெடிப்பு அடங்கிய இடத்தில் எஞ்சி நின்ற ஒளியைக் கண்டுபிடித்தது. அவ்வாண்டு மே மாதம் இன்னொரு வெடிப்பின் எஞ்சிய ஒளியை ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி பகுத்தாராய, அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்தது என்பது வெளியாயிற்று.

அவ்வளவு தொலைவிலிருந்து எப்படிக் கண்ணில் படும்? விடியற்கால இருளில் நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டுவோரைத் தோட்டத்தார் யாவரும் கண்டிருப்போம். காட்டுக்குள் பல விளக்குகள் அலைந்தாலும், நம் பக்கம் முகம் திருப்பியவரின் விளக்கே கண்ணைக் கூசச் செய்யும். காமா வெடிப்பும் அத்தகையதே. சூரியனினும் பன்மடங்கு பருத்த விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்ததும் அதன் நடுப்பகுதி உள்நோக்கி இடிந்து கருந்துளையாகிறது. அதனுள் சுழன்று விழும் பொருளிலிருந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு தாரைகள் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாய்கின்றன. தாரை நம்மை நோக்கினால் வெடிப்பைக் காண்கிறோம்; இல்லையேல் இல்லை. சூரியன் தன் 1,000 கோடி ஆண்டு வாழ்நாள் முழுதும் உமிழும் ஆற்றலுக்கு ஈடானது சில விநாடிகளில் வெளிப்படுகிறது.

இது நெடிய வெடிப்புக்களின் கதை. இரண்டு விநாடிக்குள் அடங்கும் குறுவெடிப்புக்களும் உண்டு. அவற்றிலேதான் நம் கேள்விக்கு விடை இருந்தது. இறந்த விண்மீனின் எச்சமாகிய நியூட்ரான் விண்மீன், சூரியனுக்கும் மேற்பட்ட எடையை ஒரு பட்டணத்தின் அகலத்துக்குள் அடக்கியது. அத்தகைய இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதுவதுண்டு. 2017 ஆகஸ்டு 17ஆம் நாள் அப்படிப்பட்ட ஒரு மோதலின் ஈர்ப்பலைகளை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் உணர்ந்தன. 1.7 விநாடி கழித்து ஃபெர்மி என்னும் கோள் காமாக் கதிரைக் கண்டது. மோதல் நிகழ்ந்ததோ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில். பின்வந்த நாட்களில் அங்கே ஒளிர்ந்து மங்கிய வெளிச்சத்தை ஆராய்ந்தவர்கள், பொன்னின் இனத்தைச் சேர்ந்த கனத்த மூலகங்கள் அங்கே புதிதாய்ப் பிறந்திருப்பதை அறிந்தனர். பொன் பிறக்கும் உலைகளுள் இஃதொன்று. 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோதே, அதற்கும் முன்னர் இத்தகைய உலைகளில் பிறந்த பொன் அதனோடு கலந்திருந்தது.

இதனைத் தாயாருக்குச் சொன்னோம். முதுமையிலும் அச்சங்கிலி அவர் கழுத்தில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏனப்பா, அவ்வளவு தொலைவிலிருந்து வந்ததையா அடகுக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்?" என்றார். சிறிது நேரம் கழித்து, "அனுப்பினதனால்தானே நீ படித்து வந்து இதைச் சொல்கிறாய்" என்றும் சொன்னார்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை, "எங்கிருந்து?" என்று கேட்கும். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில், தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். காதை மட்டும் திருகாதீர்கள்.