வெற்றிடத்தின் வேலை

தமிழாசிரியருக்கும் பழைய மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பென அன்பர்கள் வினவலாம். கிளிநொச்சியிலே எம் நண்பரொருவர் 240டீ பென்ஸ் கார் ஒன்றைப் பேணி வருகின்றார். அது 1976இல் வெளிவரத் தொடங்கிய டபிள்யூ 123 வகையினது. கியரைத் தானே மாற்றும் டீசல் வண்டி. ஏ9 வீதியில் கியர் மாறுந்தோறும் அது உதைத்துக் குலுங்கிற்று. சாவியைத் திருப்பிய பின்னரும் இயந்திரம் ஓயவில்லை. கியர்ப்பெட்டி கெட்டதென்று பலரும் கூறவே, நண்பர் வண்டியை விற்கத் துணிந்தார்.

பெற்றோல் இயந்திரம் காற்றை உள்ளிழுக்குங்கால் குழாயில் வெற்றிடம் தானே உண்டாகும். இவ்வண்டிக்கோ அதற்கெனத் தனிப் பம்பி உண்டு. அது தரும் வெற்றிடமே பிறேக்குக்கு வலுவூட்டும், கியர் மாற்றத்தை மென்மையாக்கும், இயந்திரத்தை நிறுத்தும், கதவுகளைப் பூட்டும். ஆதலின் குறை இரண்டாயினும் முதல் ஒன்றெனக் கருதினோம். வாக்கியத்தைப் பகுத்து ஆராயும் முறைப்படியே கிளைக்குழாய்களை ஒவ்வொன்றாய் அடைத்துப் பார்த்தோம். கதவுக்குச் செல்லும் குழாயை அடைத்ததும் இரு குறைகளும் நீங்கின. பூட்டினுள் இருந்த றப்பர்ச் சவ்வு கிழிந்திருந்தது!

கதவின் கிழிசலுக்குக் கியர்ப்பெட்டி பழி சுமந்தது. நோயின் முதலை ஆராயுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உரைத்தது பொறிக்கும் பொருந்தும். ஆசிரிய நண்பர்காள்! பின்தங்கும் பிள்ளையை மந்தனென விலக்குமுன், கசிவு எங்கென நாடுவோமாக. அது வீட்டிலோ வயிற்றிலோ இருத்தல் கூடும்.