கறுவாவும் கஜுவும்

லவ் கேக் கொழும்பு பேக்கரிகளிலேயே கிடைக்கும். நான் மட்டக்களப்புக்குப் போனது, அதைச் செய்யும் இடத்தில் நின்று பார்க்கவும், செய்பவரிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் அது முடியும். போர்த்துக்கீசர் வழிவந்த அந்தக் குடும்பங்களில் வயதானவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுவார்கள். வாசலுக்கு ஆள் வந்தால் மட்டக்களப்புத் தமிழ். கொழும்புக் கோட்டையில் காலையில் உதயதேவி ரயில் ஏறினேன். பொலநறுவை தாண்டியதும் வயலும் குளமுமாக வழி விரிந்துகொண்டே போனது.

போர்த்துக்கீசர் இலங்கையில் கால்வைத்தது 1505-இல். மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628-இல். பத்தே ஆண்டில், 1638-இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை இன்னும் வாவிக்கரையில் நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் வாரிசுகள் கத்தோலிக்கர்களாகவே, தச்சும் கொல்லும் தையலும் தொழிலாக, ஊரோடு ஊராகிவிட்டார்கள். டச்பார் கடற்கரையில் இருந்த அவர்கள் வீடுகளை 2004 சுனாமி வாரிக்கொண்டு போனது. பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். நான் போன வீடும் அங்கேதான்.

வீட்டு ஆன்ட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். ரவையை லேசாக வறுத்து, ஆறவிட்டு, வெண்ணெயில் பிசைந்து முந்திய இரவே மூடிவைத்திருந்தார். கால் கிலோ ரவைக்குக் கால் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சீனி, பன்னிரண்டு முட்டையின் மஞ்சள் கரு, ரவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கஜு. நாம் முந்திரி என்பதைத்தான் அங்கே கஜு என்கிறார்கள். மைதா ஒரு கரண்டிகூடக் கிடையாது.

கஜுவை மிக்ஸியில் போடலாமா என்று கேட்டேன்.

"அரைச்சா எண்ணெய் கக்கும் மகள். கத்தியாலதான் வெட்டணும்" என்றார்.

பலகையில் கஜுவைக் குவித்து, கத்தியின் முனையை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, பிடியை மட்டும் ஏற்றி இறக்கி அரைவட்டமாக நகர்த்திக்கொண்டே போனார். நொய்யரிசி அளவு வந்ததும் நிறுத்தினார். அதைவிடப் பெரிதாக இருந்தால் கனத்தில் அடியில் தங்கிவிடும். மாவாகிவிட்டால் கடிபடுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வெட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. கேக்கின் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கும் லவ் கேக் பல சமயம் சப்பென்று இருப்பதும் இந்த இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிப்பதால்தான்.

பிறகு மஞ்சள் கருவும் சீனியும் வெளுக்கும்வரை அடித்து, ரவையைச் சேர்த்து, ஏலக்காய், கறுவா (நாம் சொல்லும் பட்டை), கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் அப்போதுதான் பொடித்துப் போட்டார். எலுமிச்சைத் தோல் துருவல், தேன், பன்னீர். நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் ஊறவைத்து எடுத்த துண்டுகள் கொஞ்சம். சிங்களவர்கள் அதைப் புஹுல் தோசி என்பார்கள். கடைசியில், நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை உடையாமல் சேர்த்தார்.

இதைப் போர்த்துக்கல் தந்த கேக் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மஞ்சள் கருவையும் சீனியையும் கொட்டி இனிப்புச் செய்வது போர்த்துக்கீசக் கன்னிமாடங்களின் கைப்பழக்கம், உண்மைதான். ஆனால் அங்கே அந்த இனிப்புகளுக்குப் பாதாம்தான் உயிர். பாதாம் இந்த மண்ணில் வராது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் ஆசியாவுக்குக் கொண்டுவந்த முந்திரி, மட்டக்களப்பின் மணல் தரையில் நன்றாகவே வேர்பிடித்தது. பாதாமுக்குப் பதிலாக வந்தது என்று சொல்வது அதற்குக் குறைவான மரியாதை. கஜுவின் அந்த வெண்ணெய்த்தன்மை பாதாமில் கிடையாது. இந்தக் கேக்கின் நடுப்பகுதி குழைவாக நிற்பதில் அதற்கும் பங்குண்டு. ரவையும் பன்னீரும் அரபு இனிப்புகளின் கூட்டு. போர்த்துக்கல் இருக்கும் ஐபீரியாவில் பல நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சி நடந்தது. இலங்கைக் கரையிலும் போர்த்துக்கீசர் வருமுன்பே முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் அந்த வாசனை புதிதல்ல.

கறுவாவின் கதை வேறு. அதற்காகத்தான் போர்த்துக்கீசர் இத்தீவைப் பிடித்துவைத்திருந்தார்கள். காட்டுக்குள் போய்ப் பட்டை உரிக்கும் வேலை சலாகம சாதியினர் தலையில் விழுந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தாக வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவைத் திருட்டுத்தனமாக விற்றால் மரண தண்டனைவரை போகும். கொழும்பில் இன்று பணக்காரர்கள் குடியிருக்கும் கறுவாத்தோட்டமும் ஒல்லாந்தர் பயிரிட்ட தோட்டம்தான். இரண்டு சமையல்கள் கைகுலுக்கிக் கலந்தன என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கைத் தன் வீட்டு உரலில் இடித்து, தன் பிள்ளைகளுக்கான பண்டத்தில் போட்ட பெண்களிடமிருந்துதான் இந்தக் கேக் வந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் நானறிந்த எந்த ஏட்டிலும் இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தட்டின் அடியில் செய்தித்தாளை ஐந்தாறு மடிப்பாக விரித்து, அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளைப் போட்டார் ஆன்ட்டி. இவ்வளவு சீனி உள்ள கலவை, நடு வேகும் முன்பே அடியில் கருகிவிடும். தாள்தான் சூட்டைத் தாங்குகிறது. அவருடைய சிறுவயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரியின் போறணைக்கு, அதாவது விறகு அடுப்புக்கு, போவார்களாம். பாண் (ரொட்டி) சுட்டு முடிந்து, விறகை இழுத்துவிட்டு, சூடு தணிந்த பிறகு உள்ளே தள்ளுவார்களாம். இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு. ஆனாலும் 150 டிகிரிக்கு மேல் அவர் ஏற்றவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலானது. குச்சி விட்டுப் பார்க்கும் வழக்கம் இதற்கு உதவாது. உள்ளே ஈரம் இருந்தே ஆகவேண்டும். மேல்தோல் பழுப்பேறி விரல் வைத்தால் லேசாக எதிர்த்து நிற்கிறதா என்று பார்த்தார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் காணும்."

சுட்ட அன்றைக்கு அதை யாரும் வெட்டுவதில்லை. மறுநாள் சிறு சிறு சதுரமாக வெட்டினார். மேலே மெல்லிய முறுகல், உள்ளே ஈரக் குழைவு, நடுநடுவே கஜு. முதலில் ஏலம், பிறகு பன்னீர், எல்லாம் விழுங்கிய பின் தொண்டையில் சாதிக்காயின் சூடு. கிறிஸ்துமஸுக்கு இதைத் தாளில் சுற்றி அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். ஒரு துண்டுக்கு மேல் யாராலும் ஒரே மூச்சில் சாப்பிட முடியாது, அவ்வளவு கனம்.

சென்னையில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். இங்கே பிரியாணிக்கு விற்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்கிற வேறு வகை. அதன் காரம் பன்னீரை அமுக்கிவிடும். தாள்போல மெலிந்து சுருள் சுருளாக, விரலால் நொறுக்கக்கூடிய இலங்கைப் பட்டையாகக் கேளுங்கள். பூசணித் துண்டுக்கு வடநாட்டு மிட்டாய்க் கடையின் பேட்டா போதும். கஜுவைக் கத்தியால் வெட்டுங்கள்.