மரத்துக்குள்ளே ஒன்பது வோல்ட்

மஹோகனிப் பலகையை அறுத்து, இழைத்து, நான்கு தந்திகள் பூணவேண்டிய ஒரு பாஸ் கித்தாரின் ஸ்வரூபத்துக்கு ஏறக்குறையக் கொண்டுவந்து, பிக்கப்புகள் அமர்வதற்கான இரண்டு குழிகளையும் தோண்டி முடித்து, பழைய கம்பளி விரித்த மேஜையின்மீது அதைக் கிடத்தி வைத்துக்கொண்டு, வாத்தியம் செய்யும் அந்த இளைஞர் என்னிடம் கேட்டார்:

"சார், எத்தனை நாப்னு சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே துளை போட்டுருவேன். எந்த பிரீஆம்ப்னும் முடிவு பண்ணிடுங்க, பேட்டரிக்குப் பின்பக்கம் குழி வெட்டணும். மரத்துல ஒரு தடவை போட்டா போட்டதுதான் சார்."

நான் பதினைந்து நாள் தவணை கேட்டேன். தந்தியின் அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக்கித் தந்த பிறகு, அந்த மின்சாரம் கேபிள் வழியே ஆம்ப்ளிஃபையரைப் போய்ச் சேர்வதற்கு முன்னால், வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளேயே அதை வாங்கிப் பலப்படுத்தி, கீழ்ஸ்தாயியையும் மேல்ஸ்தாயியையும் வாசிப்பவரின் இஷ்டப்படி கூட்டியும் குறைத்தும் அனுப்பிவைக்கிற சிறியதொரு மின்சுற்றுதான் பிரீஆம்ப். அவற்றின் விலைகளையும் டெசிபல் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன், ஒரு கல்யாண வரவேற்பின் இன்னிசைக் கச்சேரியில், இளையராஜாவின் பாடல்களை, அவற்றில் பாஸ் கித்தார் பாடகருக்கு இணையாக நடந்துவரும் அந்த அழகுக்காகவே ஆசைப்பட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, இரவல் வாங்கிய கித்தாரின் பேட்டரி ஓய்ந்து, நாதம் முதலில் கரகரத்து, பிறகு கிழிந்து, சரணத்தின் நடுவில் முற்றிலும் நின்றுபோயிற்று. முந்தின இரவு கேபிளைப் பிடுங்காமல் வைத்திருந்தேன்; பிளக் செருகியிருக்கும் வரையில் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். தந்தி அறுந்தாலொழிய ஊமையாகாத ஒரு வாத்தியத்துக்குள், தீர்ந்துபோகக் கூடிய ஒரு வஸ்துவை யார், எதற்காகக் கொண்டுவந்து வைத்தார்கள் என்ற கேள்வி அன்று முதல் என்னோடு இருந்துவந்தது. அதற்கு விடை தெரியாமல் மரத்தில் துளை போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசாரித்த வாத்தியக்காரர்களில் அநேகர் சொன்ன பதில் ஒன்றே: ஸ்டிங்ரே. கலிபோர்னியாவில் மியூசிக் மேன் என்ற ஸ்தாபனம் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த பாஸ் கித்தாரை உருவாக்கியவர் லியோ ஃபெண்டர். இதில்தான் என் ஆச்சரியம் ஆரம்பமாயிற்று. 1951ஆம் ஆண்டு பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்து, ஆளுயர டபுள் பாஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களின் தோளுக்கு விடுதலை அளித்தவரும் அவரே. அந்த முதல் வாத்தியத்தில் ஒரு பிக்கப்பும், ஒலியளவுக்கு ஒரு குமிழும், தொனிக்கு ஒரு குமிழும் இருந்தனவேயன்றி பேட்டரி என்ற பேச்சே இல்லை. இருபத்தைந்து வருஷம் அதில்லாமலே உலகம் முழுவதும் ஒலித்த ஒரு வாத்தியத்துக்கு, அதைப் பெற்ற மனிதரே எதனால் மின்கலத்தைக் கட்டிவிட்டார்?

காரணத்தில் பாதி காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். டிரான்சிஸ்டர் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே 1947ஆம் ஆண்டின் இறுதியில். 1951இல் ஒரு பெருக்கிச் சுற்றைக் கித்தாருக்குள் வைக்க விரும்பியிருந்தால், நூற்றுக்கணக்கான வோல்ட் கேட்கும் சூடான வால்வைத்தான் வைத்திருக்க வேண்டும். எழுபதுகளிலோ, மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்சாரம் குடித்து மாதக்கணக்கில் ஒரே பேட்டரியில் உயிர்வாழும் சில்லுகள் வந்துவிட்டன. ஸ்டிங்ரேயின் சுற்று அப்படிப்பட்ட ஒரு சில்லைச் சுற்றியே அமைக்கப்பட்டது. வயது முதிர்ந்த வாத்தியக்காரர் ஒருவர் தம்முடைய பழைய ஸ்டிங்ரேயின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுற்று கண்ணுக்குத் தென்படவில்லை; பிறர் பார்த்து நகலெடுத்துவிடக் கூடாதென்று எபாக்ஸிப் பசையை ஊற்றி இறுக்கி மூடியிருந்தார்கள். கல்லாய்ப் போன அந்தக் கட்டியை விரலால் தடவிப் பார்த்தபோது, இவ்வளவு பத்திரமாக மறைத்து வைக்கப்பட்டது ஒன்று உண்டென்றால், அதற்கு முன்பே யாரோ இந்த வழியில் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

நடந்திருந்தார்கள். 1969ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நொவாட்டோ என்ற ஊரில், கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழுவை அண்டி, அலெம்பிக் என்ற பெயரில் ஒரு பட்டறை தோன்றியது. அலெம்பிக் என்பது ரசவாதிகள் சத்தை வடித்தெடுக்கும் பாத்திரம். நம் சித்தர்கள் வாலை என்று வழங்கிய கருவி எதுவோ, ஏறத்தாழ அது. அங்கே இருந்தவர்களில் முக்கியமானவர் ரான் விக்கர்ஷாம். ஒலிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். இது ஓர் அற்ப விவரம்போல் தோன்றலாம். என் தேடலில் திறவுகோலாக அமைந்தது இதுதான். கித்தார் செய்யும் தச்சருக்குக் கேபிள் என்பது வாத்தியம் முடிந்த பிறகு வருகிற ஒரு கயிறு. ஒலிப்பதிவுக்காரருக்கோ, மைக்குக்கும் டேப்புக்கும் இடையே எங்கெங்கே நாதம் கசிந்து போகிறது என்பதே சதாகால சிந்தனை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஃபில் லெஷும், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடியும் வாசித்துவந்த கில்ட் ஸ்டார்ஃபயர் பாஸ் கித்தார்களைத் திறந்து, உள்ளிருந்த சுற்றை அகற்றிப் புதிய சுற்றைப் பொருத்தியது இந்தப் பட்டறை. பிறகு கசாடிக்காகவே அலெம்பிக் பெயரில் முதல் பாஸ் கித்தாரைச் செய்து தந்தது.

அவர்கள் செய்த காரியம் இன்னதென்று படித்துப் புரிந்துகொண்டேன். ஆனால் காதால் கேட்டாலொழிய நம்புவதில்லை என்று ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். பேட்டரி இல்லாத என் பழைய பாஸ் கித்தாரை முதலில் மூன்று மீட்டர் கேபிளில் மாட்டி ஒரே சொற்கட்டைப் பத்து முறை வாசித்தேன்; பிறகு ஒன்பது மீட்டர் கேபிளில் மாட்டி அதையே வாசித்தேன். விரல் அதே விரல், தந்தி அதே தந்தி. இரண்டாவது முறை, தந்தியில் விரல் படும் அந்தக் கணத்தின் கூர்மை மழுங்கி, வாத்தியத்தின் வாயில் யாரோ மெல்லிய துணியைப் போர்த்தியதுபோல் இருந்தது.

இதன் சூக்ஷ்மம் இதுதான். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய மயிரிழைக் கம்பி. சுற்று கூடக்கூட மின்சாரம் பலமாக வரும், ஆனால் சுருளின் மந்தத்தன்மையும் கூடும். கேபிளோ மின்சாரத்தைக் கடத்துவதோடு நில்லாமல், மீட்டருக்கு ஏறக்குறைய நூறு பிகோஃபாராட் வீதம் அதைத் தேக்கியும் வைக்கிறது. சுருளும் கேபிளும் சேர்ந்து, ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளை வெளியே விடாத வடிகட்டியாகிவிடுகின்றன. சுருளின் மந்தத்தை நான்கு ஹென்றி என்று கொண்டு கணக்கிட்டால், மூன்று மீட்டர் கேபிளில் அந்த எல்லை 4,600 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது. ஒன்பது மீட்டர் கேபிளில் 2,650க்கு இறங்கிவிடுகிறது. கீழ் தந்தியின் ஆதார சுருதி 41 ஹெர்ட்ஸ்தானே, அவ்வளவு உயரத்தில் பாஸ் கித்தாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தந்தி பேசத் தொடங்கும்போது எழும் சிறு சிலிர்ப்பும், விரலுக்கும் உலோகத்துக்கும் நடக்கும் உரசலும் அந்த உயரத்தில்தான் வாழ்கின்றன; அவற்றை எடுத்துவிட்டால் ஸ்வரம் இருக்கும், வாசித்த மனிதனின் விரல் இராது.

அலெம்பிக்காரர்கள் பிக்கப்பின் சுற்றுகளைக் குறைத்தார்கள். மந்தம் குறைந்து, அந்த எல்லை செவிக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆனால் வெளிவந்த மின்சாரம் கேபிளைத் தாண்டுவதற்குள் இளைத்துவிடும் அளவுக்குப் பலஹீனமாயிற்று. ஆகவே பிறந்த குழந்தையை வாசலிலேயே ஏந்திக்கொள்ளும் மருத்துவச்சிபோல, பிக்கப்பின் பக்கத்திலேயே ஒரு பெருக்கி தேவைப்பட்டது. பேட்டரி உள்ளே புகுந்த வாசல் இதுதான். தொனியைக் கூட்டும் ஆசை பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆதியில் இருந்தது, தந்தி சொன்னதை வழியில் இழந்துவிடக் கூடாதென்ற கவலை. இரவல் பிரீஆம்ப் ஒன்றைத் தற்காலிகமாக என் பழைய கித்தாரில் இணைத்து, எல்லாக் குமிழ்களையும் நடுநிலையில் நிறுத்தி, அதே இரண்டு கேபிள்களிலும் வாசித்தேன். வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிக் கேட்டும் எந்தக் கேபிள் எது என்று என்னால் சொல்லக் கூடவில்லை. அந்த மாலையில் எனக்கு உண்டான சந்தோஷம், கச்சேரியில் பட்ட அவமானத்தை ஒருவாறு கழுவிவிட்டது.

அப்படியானால் குமிழ்கள் எங்கிருந்து வந்தன? இந்த வழியில் பின்னோக்கிப் போனபோது நான் வந்து நின்ற இடத்தில் கித்தாரே இல்லை. 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இங்கிலாந்தின் ஒயர்லெஸ் வேர்ல்ட் என்ற சஞ்சிகையில், பீட்டர் பாக்ஸண்டால் என்ற பொறியாளர் ஒரு தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பற்றி எழுதினார். கிராமபோனும் ரேடியோவும் கேட்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்ட விஷயம் அது. சாதாரணமான தொனிக் குமிழ் எதையும் கூட்டுவதில்லை. இருப்பதில் ஒரு பங்கைக் குறைக்க மட்டுமே அதற்குத் தெரியும். பாக்ஸண்டால் அந்தக் குமிழ்களைப் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் கொண்டுபோய் வைத்தார். அதனால் குமிழ் நடுவில் நிற்கும்போது சுற்று எதுவும் செய்யாமல் ஒதுங்கி நிற்கிறது. வலப்புறம் திருப்பினால் கூட்டுகிறது, இடப்புறம் திருப்பினால் குறைக்கிறது. இன்றைக்கு விற்கும் பிரீஆம்ப்களில் எத்தனையோ இந்த வம்சத்தின் கிளைகள். ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வரவேற்பறை கிராமபோனுக்காகச் சிந்தித்த மூளையை, என் மஹோகனிக் கட்டைக்குள் வைக்கப்போகிறேன் என்ற எண்ணம் எனக்கு வெகுநேரம் இனித்தது.

நியூயார்க் கிளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜர் சடவ்ஸ்கி என்ற வாத்தியச் சிற்பி, பாஸ் கித்தார்க் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பாஸுக்குப் பிரீஆம்ப் பொருத்திக் கொடுத்தார். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு ஓடவேண்டியிருந்த அந்த ஊர் வாத்தியக்காரர்களுக்கு, எந்தக் கூடத்து மேஜையில் செருகினாலும் தம் குரல் தம்மோடு வரவேண்டும் என்பது ஜீவனப் பிரச்சினை. சடவ்ஸ்கியின் சுற்றில் 40 ஹெர்ட்ஸிலும் 4,000 ஹெர்ட்ஸிலும் கூட்டலாம். குறைக்க இடமே இல்லை. இதைப் படித்ததும் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

கீழ், நடு, மேல் என்று மூன்று பட்டைகளுக்கும் தனித்தனிக் குமிழ் கொண்ட பிரீஆம்ப்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. அகிலார் நிறுவனத்தின் ஓபிபி 3 என்ற பிரீஆம்பில் 400, 800 ஹெர்ட்ஸ்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளத்தக்க நடுஸ்தாயிக் குமிழ் உண்டு. டிரம்ஸும் கீபோர்டும் நெருக்கும் மேடையில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வர அது பெரிய உதவி. ஆனால் அதில் பாஸ் குமிழை முழுதும் திருப்பினால் கிடைப்பது 17 டெசிபல். அதாவது ஏழு மடங்கு. பலமாகத் தட்டிய ஒரு தந்தியிலிருந்து ஒரு வோல்ட் எழுந்தால் அது ஏழு வோல்ட்டாக வேண்டும்; ஒன்பது வோல்ட் பேட்டரியிலோ மேலும் கீழுமாக நாலரை வோல்ட்டுக்குத்தான் இடம். தலை முட்டிய அலை தட்டையாகிக் கிழியும். அதற்காகத்தான் இரண்டு பேட்டரிகளைத் தொடுத்துப் பதினெட்டு வோல்ட் ஆக்குகிறார்கள். ஏழு மடங்கு எனக்கு எந்தக் காலத்திலும் வேண்டியிருக்கப் போவதில்லை. 40 ஹெர்ட்ஸை அவ்வளவு தூக்கினால், நான் வாசிக்கும் சிறிய அரங்குகளின் ஸ்பீக்கர்கள் அதை நாதமாகத் தராமல் வெறும் மூச்சாகத்தான் தள்ளும்.

தவணை முடிந்த அன்று பட்டறைக்குப் போய், காகிதத்தில் வரைந்த படத்தை மேஜைமீது வைத்தேன். இரண்டு பட்டை, கூட்டுவது மட்டும், மந்தரத்துக்கும் தாரத்துக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குமிழ், ஒலியளவுக்கு ஒன்று, இரண்டு பிக்கப்புகளையும் கலக்க ஒன்று, பேட்டரி இல்லாமலே இயங்கும் பழைய தொனிக் குமிழ் ஒன்று. அந்தக் கடைசிக் குமிழை மேலே இழுத்தால் பிரீஆம்ப் முழுவதுமாக விலகி, பிக்கப் நேரே கேபிளோடு பேசும்.

இளைஞர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நாலு துளைதான் சார்? நடுவுக்கு ஒண்ணு போட்டு வச்சுக்கலாமே, பின்னாடி மனசு மாறுனா?"

"வேண்டாம் தம்பி. நாலே போதும். பேட்டரி போனா வாத்தியம் நிக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்குங்க."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மரத்தின் ரேகையை ஒருமுறை கையால் தடவிவிட்டு, நான்கு புள்ளிகள் வைத்தார். பிறகு பலகையைக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்து ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து அதன் முதுகில் வைத்து, சுற்றிலும் கோடு இழுத்தார்.