பேய்ப் படங்களில் என் ஓட்டு ரோஸ்மேரிக்குத்தான்

பேய்ப் பட ரசிகர்கள் மத்தியில தீராத பஞ்சாயத்து ஒண்ணு உண்டு. பழைய படங்கள்ல முதலிடம் எதுக்கு? 'சைக்கோ' (1960), 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973), 'தி ஷைனிங்' (1980) இந்த மூணுக்குள்ளதான் சண்டை நடக்கும். என் ஓட்டு இதுல எதுக்கும் இல்ல. 1968-ல வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'க்கு. ஏன்னு கொஞ்சம் நீளமா எழுதறேன். கதையை முழுசா உடைக்கப் போறேன், பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதல்ல எக்ஸார்சிஸ்ட் கட்சிக்காரங்களுக்கு. பெரிய படம்தான், மறுக்கல. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கின முதல் ஹாரர் படம். எல்லாரும் அந்தப் பொண்ணோட தலை பின்னாடி திரும்புறதைப் பேசுவாங்க. எனக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில ஆஞ்சியோகிராம் எடுக்கிற காட்சிதான் உச்சம். சி.டி. ஸ்கேன் பரவலா வராத காலம். மூளையில என்னன்னு பார்க்கணும்னா கழுத்துல ஊசி குத்தி, ரத்தக்குழாய்ல மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கணும். அதை அப்படியே காட்டியிருப்பாங்க. ஆனா அந்த டாக்டர்கள் தோத்துப் போறாங்களே தவிர, தாய் சொல்றதைத் தட்டிவிடல. ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் அடுத்த டெஸ்ட்டுக்குப் போறாங்க.

சைக்கோவுல கடைசியா ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாத்துக்கும் விளக்கம் கொடுத்துடுவார். எனக்குப் பாதி பயம் அங்கேயே போயிடும். ஷைனிங் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான் சொல்வேன். (திட்டறவங்க திட்டலாம்.)

இப்ப ரோஸ்மேரி. நியூயார்க்ல புதுசா ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவர்ற இளம் மனைவி. கணவன் வாய்ப்பு தேடற நடிகன். பக்கத்து வீட்டுல வயசான தம்பதி, அன்பு கொஞ்சம் ஓவர். இவ கர்ப்பமானதும் முதல்ல ஹில்னு ஒரு இளம் டாக்டர்கிட்ட போறா. அவர் விட்டமின் மாத்திரை எழுதித் தர்றார். பக்கத்து வீட்டுக்காரங்க விடல, சாபர்ஸ்டீன்னு பேர்பெற்ற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவர் முதல் நாளே சொல்றது: புத்தகம் படிக்காதே, தோழிகள் சொல்றதைக் கேட்காதே, ஒவ்வொரு கர்ப்பமும் ஒவ்வொரு மாதிரி. மாத்திரைக்குப் பதிலா பக்கத்து வீட்டம்மா கலக்கித் தர்ற பானத்தைக் குடி.

அப்புறம் வலி ஆரம்பிக்குது. வாரக்கணக்கா விடாத வலி. எடை கூட வேண்டிய பொண்ணு இளைச்சுக்கிட்டே போறா, கண்ணு குழி விழுந்துடுது. டாக்டர் சொல்றார்: இடுப்பு விரியுது, ரெண்டு நாள்ல சரியாயிடும்.

இங்கதான் எனக்கு முதுகுல சில்லுனு இருக்கும். அவர் சொல்றதைத் தனித்தனியா எடுத்துப் பார்த்தா, பெரும்பாலும் எந்த நல்ல டாக்டரும் சொல்லக்கூடியது. கர்ப்பத்துல இடுப்பு மூட்டுகள் தளரும், வலிக்கும், அது உண்மை. ஒவ்வொரு கர்ப்பமும் வேறதான். அரைகுறையாப் படிச்சுட்டுப் பயப்படாதீங்கன்னு ஓ.பி.யில நாங்களும் சொல்றதுதான். அதே வார்த்தைகளை வச்சு ஒரு பொண்ணோட வாயை அடைக்க முடியும்னு இந்தப் படம் காட்டுது.

நடுவுல ஒரு பார்ட்டி. தோழிகள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய், கணவனை வெளிய நிறுத்திக் கதவைச் சாத்திடுவாங்க. இவ உடைஞ்சு அழுவா. இப்படி வலிக்கிறது நார்மல் இல்ல, வேற டாக்டரைப் பாருன்னு சொல்வாங்க. படம் முழுக்க அவளை நம்பி ஒரு கதவு சாத்தப்படுறது அங்க மட்டும்தான்.

லேபர் வார்டுல வேலை பார்த்தவங்களுக்கு இது புரியும். தலைவலி, கண்ணு மங்குது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலின்னு ஒரு கர்ப்பிணி சொல்வாங்க. "எப்பவுமே இவ இப்படித்தான் டாக்டர், சும்மா பயப்படுறா"ன்னு கூட வந்தவங்க சொல்வாங்க. பி.பி. பார்த்தா 160/110. சிறுநீர்ல புரதம். அடுத்தது வலிப்பு வரலாம், ரெண்டு உயிரும் போகலாம். அந்தப் பேச்சைக் கேட்டு பி.பி. பார்க்காம விட்டிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பேய் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கடைசிக் கட்டம். எல்லாம் புரிஞ்சு, நிறைமாச வயித்தோட ரோஸ்மேரி மறுபடியும் ஹில்கிட்ட ஓடுறா. அவர் நிதானமாக் கேட்கிறார், குறுக்கே பேசல. ஆஸ்பத்திரியில சேர்க்க ஏற்பாடு பண்றேன், அதுவரைக்கும் உள்ள படுத்துக்கோங்கன்னு சொல்றார். அப்பாடான்னு கண்ணை மூடுறா. கொஞ்ச நேரத்துல கதவு திறக்குது. சாபர்ஸ்டீனும் கணவனும் நிக்கிறாங்க. சூனியம் அது இதுன்னு பேசினா மனநல மருத்துவமனைதான்னு மிரட்டிக் கூட்டிட்டுப் போறாங்க.

ஹில் வில்லன் இல்ல. அவர் சதியில இல்லவே இல்ல. பதட்டத்துல இருக்கிற கர்ப்பிணி, மந்திரவாதிகள் குழந்தையைத் தூக்கப் பார்க்கிறாங்கன்னு சொல்றா. பார்த்துக்கிற சீனியருக்கும் வீட்டுக்காரருக்கும் தகவல் சொல்லிட்டார். கேஸ் ஷீட்ல எழுதினா எல்லாம் முறைப்படி சரியாத் தெரியும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கல, அது மட்டும்தான். சாத்தானை விட இந்த மனுஷன்தான் எனக்கு ராத்திரி ஞாபகம் வர்றார்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். மயக்க மருந்து கொடுத்து வன்கொடுமை செய்யப்பட்ட பொண்ணோட கதை இது. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி. 9 வருஷம் கழிச்சு, 1977-ல, 13 வயசுச் சிறுமி வழக்குல குற்றத்தை ஒப்புக்கிட்டு, தண்டனை அறிவிக்கிறதுக்கு முன்னாடி நாட்டை விட்டு ஓடினவர். இதனாலேயே படத்தைப் பார்க்க மாட்டேன்னு சொல்றவங்களோட நான் வாதாட மாட்டேன். என் ஓட்டு 1967-ல நாவலை எழுதின ஐரா லெவினுக்கும், மியா ஃபாரோவுக்கும், பக்கத்து வீட்டம்மாவா வந்து ஆஸ்கர் வாங்கின ரூத் கார்டனுக்கும்.

எக்ஸார்சிஸ்ட் கட்சி கமெண்ட்டுக்கு வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த ஹில் காட்சியை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.