ஸ்டாகர்



'ஸ்டாகர்' என்றால் தள்ளாடு. பல வருடம் இதை மட்டுமே சொல்லிக்கொடுத்தேன். தள்ளாடி நடந்தும் காட்டுவேன். வகுப்பே சிரிக்கும்.

ஒருநாள் ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் பையன் ஒருவன் எழுந்து, "சார், 400 மீட்டர்ல 'ஸ்டாகர்டு ஸ்டார்ட்'னு சொல்றாங்களே, தள்ளாடியா ஓடணும்?" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து பெஞ்சு மேல் ஏற்றிவிட்டேன்.

மாலையில் அகராதியைப் புரட்டினேன். திகைக்கவைப்பது என்றும் பொருள் உண்டு. ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் இல்லாமல் இடைவெளி விட்டு அமைப்பது என்றும் பொருள் உண்டு. வளைவில் வெளி லேன் நீளம் அதிகம். அதனால்தான் இரண்டாவது லேன்காரர் சுமார் 7 மீட்டர் முன்னால் நிற்கிறார். கொரோனா காலத்தில் அலுவலக நேரத்தைப் பிரித்து வைத்தபோதும் இதே சொல்தான்.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பொருளையும் சொன்னேன். அவனிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வாத்தியார் வீம்பு.

இப்போது முழங்கால் வலியில் நிஜமாகவே தள்ளாடுகிறேன். நடிக்க வேண்டியதில்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. நீ கேட்டது நல்ல கேள்வி. தப்பு என்னுடையது.