ரெண்டு பெட்டி, ஒரு திரை

கே.வி.எம். சுவிட்ச் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு 2012 வரை தெரியாது. கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றின் ஆங்கில முதலெழுத்துதான் கே.வி.எம். கம்ப்யூட்டர் ரெண்டு, ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒவ்வொன்றுதான். நடுவில் ஒரு சின்ன டப்பா. 'ஸ்க்ரோல் லாக்' விசையை ரெண்டு தட்டு தட்டினால் ஒரு கம்ப்யூட்டர் மறைந்து இன்னொன்று திரைக்கு வரும். மறைந்தது தூங்காது. பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

விருதுநகரில் என்னோடு பி.காம். படித்த நண்பன் சிவகாசியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். காலண்டர் வேலைதான் பிரதானம். ஆடிப்பதினெட்டுக்கு ஆல்பம் வெளியாகிவிட்டால் மார்கழி வரை அந்தத் தொழிலில் யாருக்கும் நேரத்துக்குச் சோறு கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பத்து வருஷத்துக் கடைப் பெயர்கள். தூக்கிப்போட முடியாது. அதன் எழுத்துக்கள் புதுசில் கட்டம் கட்டமாக வரும். இன்னொரு மானிட்டருக்கு மேஜையில் இடமில்லை என்றான். (பணமில்லை என்பதைக் காமர்ஸ் படித்தவனிடம் வேறு சொல்ல வேண்டுமா?)

பழசில் டைப்ரைட்டர் முறை. புதுசில் 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99. ஆங்கில 'ஜே' விசையைத் தட்டினால் பழசில் 'த' விழும், புதுசில் 'ப' விழும். அங்கே வேலை பார்த்த பெண், விழுகிற எழுத்தை வைத்தே எந்தப் பெட்டி என்று கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் எண்கள்? அவை ரெண்டிலும் ஒன்றுதான். வினை அங்கேதான் வந்தது.

ஒரு மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரம், கட்டுரை அடிக்க அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது இன்ஸ்டிட்யூட்டில் படித்த டைப்ரைட்டிங் மட்டும். ரெண்டு தட்டு தட்டிப் பழசுக்குப் போனேன். அடித்து, பிரிண்ட் எடுத்து, எழுந்துவிட்டேன். திருப்பித் தட்டவில்லை.

பழசில் ஒரு மளிகைக் கடையின் போன வருஷக் காலண்டர் திறந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் புதுசில் இந்த வருஷத்தை அடித்து வைத்திருந்தாள். அதே கடை, அதே முருகன். போன் நம்பர் திருத்துவது மட்டும் பாக்கி. சாப்பிட்டு வந்தவள் திருத்தினாள், போன வருஷக் காலண்டரில். பழைய நம்பரோடு பிளேட் போய் ரெண்டாயிரம் அட்டை அச்சாகிவிட்டது.

"சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வரும்" என்று நண்பன் கத்தியபோது நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீங்களாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பீர்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன்.

ராத்திரி தூக்கமில்லை. காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். "ஏன்டா, நேத்து வாயில கொழுக்கட்டையா?" என்றான் நண்பன். அந்தப் பெண் நிமிரவேயில்லை.

"தெரியும் சார். நேத்தே பாத்துட்டேன். புது நம்பர் பழைய பெட்டிலதான் கெடக்கு, உங்க கட்டுரைக்குப் பக்கத்துல."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவள் சம்பளத்தில் பிடிக்கவில்லை. புது நம்பரை ஸ்டிக்கராக அடித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் போய் அச்சுத்தொழிலில் பேர் வாங்கிய ஊரல்லவா! ஞாயிற்றுக்கிழமை நானும் ஒட்ட உட்கார்ந்தேன். நாற்பது அட்டைகூடத் தாண்டியிருக்காது.

"சார், கோணுது. பிச்சுட்டு வேற ஒட்டுங்க" என்றாள்.